லூக் ஸ்கைவாக்கருக்கு இனி யார் முகம்? ஸ்டார் வார்ஸ் முன்னால் இருக்கும் நாலு வழிகள்

ஸ்டார் வார்ஸ் என்ற ஹாலிவுட் விண்வெளிப் பட வரிசை 1977-ல் ஆரம்பித்தது. அதன் கதை நினைத்தபடி முன்னும் பின்னும் போகிறது, ஆனால் நடிகர்களுக்கு வயது ஒரு பக்கமாகத்தான் ஏறுகிறது. முப்பதைத் தொடாத கதாநாயகன் லூக் ஸ்கைவாக்கர் வேண்டும் என்று கதை கேட்கும்போது மார்க் ஹாமில் எழுபதை எட்டியிருக்கிறார். இளவரசி லேயா வேண்டும் என்கிறபோது கேரி ஃபிஷர் உயிரோடு இல்லை. அப்போது என்ன செய்வது?

இதுவரை நாலு வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். அதே நடிகரை மறுபடி கூப்பிடுவது ஒன்று. கணினியில் பழைய முகத்தை வரைந்து இன்னொருவர் உடம்பின் மேல் ஒட்டுவது இரண்டு. உடம்பு ஒருவர், குரல் ஒருவர் என்று பிரித்துக்கொள்வது மூன்று. புது நடிகரிடம் பாத்திரத்தைக் கொடுத்துவிடுவது நாலாவது. இந்த நாலில் தயாரிப்பாளர்கள் அதிகம் பயப்படுவது கடைசி வழிக்கு. எனக்கு அதுதான் சரியான வழி என்று படுகிறது. ஏன் என்று சொல்வதற்குள் மற்ற மூன்றையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவையும் சில இடங்களில் நன்றாகவே வேலை செய்திருக்கின்றன.

அதே நடிகரை அழைப்பதில் சிக்கல் குறைவு. கதையிலும் பாத்திரத்துக்கு வயதாகியிருந்தால் இதைவிட நல்லது வேறில்லை. 2005-ல் ஓபி-வான் கெனோபியாகக் கடைசியாக வந்த ஈவன் மெக்ரெகர், 2022-ல் வந்த 'ஓபி-வான் கெனோபி' தொடரில் திரும்பி வந்தபோது நிஜத்திலேயே 17 வருடம் கூடியிருந்தது. கதையில் நடுவே கடந்தது 10 வருடம்தான். ஆனாலும் பாலைவனத்தில் ஒளிந்து வாழும் தோற்றுப்போன மனிதனுக்கு அந்த உபரி வருடங்கள் கைகொடுத்தன. கண்ணுக்குக் கீழே விழுந்த சோர்வை எந்த மேக்கப்பும் கொடுத்திருக்க முடியாது.

இதில் குருட்டு அதிர்ஷ்டம் அடித்தது ஈயன் மெக்டயர்மிட் விஷயத்தில். 1983-ல் கிழட்டுப் பேரரசராக நடித்தபோது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை, முகம் முழுக்க மேக்கப். 16 வருடம் கழித்து அதே ஆளின் நடுவயதுக் கதையை எடுத்தபோது, தன் சொந்த முகத்தோடு வந்து நின்றால் போதும் என்று ஆகிவிட்டது. இப்படியெல்லாம் யாரும் திட்டம் போட முடியாது.

கதை பின்னோக்கிப் போகும்போதுதான் இந்த வழி திணறும். அதே 2022 தொடரின் ஐந்தாவது பகுதியில், பின்னாளில் டார்த் வேடர் என்ற வில்லனாகும் அனகினும் அவன் குரு ஓபி-வானும் வாள்பயிற்சி செய்யும் பழைய நினைவுக் காட்சி ஒன்று வருகிறது. அனகினுக்கு அப்போது இருபதுக்குப் பக்கம் வயது. நடிப்பவர் நாற்பதைத் தொட்ட ஹேடன் கிறிஸ்டென்சன். வாள் வீச்சில் வேகம் இருக்கிறது, தோற்பதைத் தாங்க முடியாத அந்தப் பையனின் பிடிவாதமும் இருக்கிறது. முகம் மட்டும் ஒத்துழைக்கவில்லை. இருந்தும் அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். 2002-லும் 2005-லும் மோசமான துணை நடிகர் என்று ராஸி விருது கொடுத்துக் கேலி செய்யப்பட்டவர், அதே பாத்திரத்துக்குள் மறுபடி நுழைந்து எந்தக் கூச்சமும் இல்லாமல் நடிக்கிறார்.

இனி கணினி முகம். இதை எடைபோட, பேரரசின் உயரதிகாரியான டார்க்கின் பாத்திரம் வசதியானது, ஏனென்றால் அதை இரண்டு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1977-ல் நடித்த பீட்டர் குஷிங் 1994-ல் இறந்துவிட்டார். 2005 படத்தின் முடிவில் டார்க்கின் சில விநாடிகள் வருகிறார். அதற்கு வெய்ன் பிக்ரம் என்ற நடிகருக்கு மேக்கப் போட்டு, வேடருக்கும் பேரரசருக்கும் பக்கத்தில் தள்ளி நிறுத்தினார்கள். வசனம் கிடையாது. பார்த்தவர்கள் டார்க்கின் என்று புரிந்துகொண்டு நகர்ந்தார்கள்.

2016-ல் வந்த 'ரோக் ஒன்'னில் டார்க்கினுக்கு நிறைய வசனம். கை ஹென்றி என்ற பிரிட்டிஷ் நடிகர் முகத்தில் புள்ளிகள் வைத்துக்கொண்டு, தலையில் கேமரா மாட்டிக்கொண்டு செட்டிலேயே முழுதாக நடித்தார். அவர் முகத்தை எடுத்துவிட்டு குஷிங்கின் முகத்தை வைத்தார்கள். 1984-ல் வேறொரு படத்துக்காகக் குஷிங்கின் முகத்தில் அச்சு எடுத்திருந்தார்கள், அது இதற்குப் பயன்பட்டது. அவருடைய உரிமைகளைப் பார்த்துக்கொள்பவர்களிடம் அனுமதியும் வாங்கியிருந்தார்கள்.

தோலும் கன்னத்து எலும்பும் அபாரம். அவர் ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலிப்பாகத் தெரியும் முதல் விநாடியில் எல்லோருமே அசந்துபோவார்கள். அவர் வாயைத் திறந்ததும் சிக்கல் ஆரம்பிக்கிறது. எதிரே போட்டி அதிகாரி கிரெனிக்காக பென் மெண்டல்சன் நிற்கிறார். தன் வாழ்நாள் வேலையைத் தட்டிப் பறிக்கிறார்கள் என்று தெரிந்ததும் மெண்டல்சனின் தாடை இறுகுகிறது, குரல் கட்டுப்பாட்டை மீறிக் கிளம்புகிறது. இந்தப் பக்கம் டார்க்கினின் உதடுகள் சொற்களின் வடிவத்துக்குச் சரியாக அசைகின்றன. ஆனால் சொல்லின் கனம் கன்னத்துக்கும் கண்ணோரத்துக்கும் ஏறுவதில்லை. இரண்டு பேர் மோதும் காட்சியில் ஒருவர் மட்டும் உயிரோடு இருக்கிறார்.

குஷிங் நடிப்பின் ரகசியமே அசையாமல் நிற்பதுதான். செட்டில் கொடுத்த பூட்ஸ் காலைக் கடிக்கிறது என்று அவர் வீட்டுச் செருப்போடு நடித்தாராம், கால் தெரியாதபடி படம் பிடித்தார்களாம். திரையில் அது கொஞ்சமும் தெரியாது. தெரிவதெல்லாம் மரியாதையாகப் பேசிக்கொண்டே ஒரு கிரகத்தை அழிக்கும் ஆள்தான். அசையாத முகத்துக்குள் எது எவ்வளவு துடிக்கிறது என்பதைக் கணினியில் வரைவது, அழும் முகத்தை வரைவதைவிடக் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

லூக்கின் கதை இதைவிடச் சிக்கலானது. 2020 டிசம்பரில் 'த மாண்டலோரியன்' இரண்டாம் சீசன் முடிவில் இளம் லூக் வந்து முக்காடை விலக்கியபோது பலருக்குக் கண் கலங்கியது. சில நிமிடக் காட்சி, எதிர்பாராத வருகை, அதனால் முகத்தில் இருந்த விறைப்பைப் பலர் மன்னித்தார்கள். யூடியூபில் அதே காட்சியைத் தானே திருத்தி, இன்னும் நன்றாகச் செய்துகாட்டிய ஒருவரை, அதைச் செய்த கிராபிக்ஸ் நிறுவனமே பிறகு வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2022-ல் 'த புக் ஆஃப் போபா ஃபெட்' தொடரில் லூக் மறுபடி வந்தபோது முகம் நிஜமாகவே முன்னேறியிருந்தது. இந்தத் தடவை உதைத்தது குரல். ஹாமிலின் பழைய ஒலிப்பதிவுகளை வைத்துக் கணினி உருவாக்கிய குரல் அது. ஒவ்வொரு வாக்கியமும் ஒரே உயரத்தில் ஆரம்பித்து அதே உயரத்தில் முடிகிறது.

1977 லூக்கை நினைத்துப் பாருங்கள். வீட்டு வேலையை முடிக்கச் சொல்லும் மாமாவிடம், டவுனுக்குப் போய் சாமான் வாங்கணும் என்று சிணுங்குகிறான். குரல் கீச்சென்று மேலே போகிறது. அந்தச் சிணுங்கல் ஆறு வருடத்தில் 1983 படத்தின் அமைதியாக மாறியதுதான் ஹாமிலின் சாதனை. கணினி லூக்கிடம் அந்த அமைதி மட்டும் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயம் ஒன்றுகூட இல்லை. சாமி படம் மாதிரி எப்போதும் அருள்பாலித்துக்கொண்டே இருக்கிறார். அவர்மேல் எரிச்சல்படவோ அவருக்காகக் கவலைப்படவோ முடியவில்லை.

இந்த நுட்பம் நமக்கும் புதிதில்லை. 2024-ல் வந்த விஜய் படமான 'தி கோட்'டில், முந்தைய வருடக் கடைசியில் மறைந்த விஜயகாந்தைக் குடும்பத்தின் சம்மதத்தோடு கொஞ்ச நேரம் கொண்டுவந்தார்கள். தியேட்டரில் விசில் பறந்தது. அதில் தப்பில்லை, ஏனென்றால் அது ஒரு மரியாதை. முழுப் பாத்திரத்தையும் அப்படித் தூக்கிச் சுமக்க முடியுமா என்பதுதான் வேறு கேள்வி.

முகத்தைக் கணினியில் வரையாமல் பழைய பிலிமை வைத்தும் ஒரு முயற்சி நடந்தது. கேரி ஃபிஷர் 2016 டிசம்பர் 27-ல் இறந்த பிறகு, 2019 படத்தில் அவரைக் காட்ட முந்தைய படங்களில் பயன்படுத்தாமல் விட்ட காட்சித் துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். பதில் முன்பே இருக்கிறது, அதற்குப் பொருந்தும்படி கேள்வியை எழுத வேண்டும். அதனால் கதாநாயகி டெய்சி ரிட்லி மனசைக் கொட்டிப் பேச, லேயா எந்த இடத்துக்கும் ஒத்துப்போகிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்கிறார். அன்போடு செய்திருக்கிறார்கள், சந்தேகமில்லை. பார்க்கத்தான் சங்கடமாக இருக்கிறது.

மூன்றாவது வழியான உடம்பு வேறு, குரல் வேறு என்பது இந்த வரிசையின் பெரிய வெற்றி. கதாநாயகிக்கு இன்னொருவர் குரல் கொடுப்பதைக் கேட்டே வளர்ந்த நமக்கு அது சாதாரணம். டார்த் வேடரின் உடையில் டேவிட் பிரவுஸ், குரலுக்கு ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ், 1983-ல் முகமூடி கழன்றபோது உள்ளே செபாஸ்டியன் ஷா. ஒரே பாத்திரத்துக்கு மூன்று பேர். முதல் இரண்டு படங்களில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று ஜோன்ஸே சொல்லிவிட்டார். 'ஓபி-வான் கெனோபி' தொடருக்குத் தன் பழைய குரலைக் கணினி வழியாகப் பயன்படுத்திக்கொள்ள அவர் உயிரோடு இருக்கும்போதே சம்மதம் கொடுத்தார். 2024-ல் காலமானார். இங்கே கணினிக் குரல் உறுத்துவதில்லை, காரணம் வேடரின் குரல் ஆரம்பத்திலிருந்தே ஒரு இயந்திரத்தின் வழியாக வருகிற குரல்.

அந்தத் தொடரின் கடைசிப் பகுதியில் ஓபி-வானின் வாள் பட்டு வேடரின் முகமூடி பாதி பிளந்துவிடும். உள்ளே கிறிஸ்டென்சனின் ஒரு கண். அவர் பேசும்போது ஜோன்ஸின் குரலும் கிறிஸ்டென்சனின் சொந்தக் குரலும் மாறி மாறி, சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒலிக்கும். அனகினைக் கொன்றது நீ இல்லை, நான்தான் என்று சொல்லும் இடத்தில் எந்தக் குரல் யாருடையது என்று பிரிக்க முடியாமல் போகிறது. ஐந்து வாக்கியத்தில் மூன்று படங்களின் கணக்கைத் தீர்த்துவிட்ட காட்சி அது.

முகமூடிப் பாத்திரங்கள் இன்னொன்றையும் காட்டிக் கொடுக்கின்றன. உடம்பெல்லாம் ரோமம் மூடிய சூபாக்காவாக நடித்த பீட்டர் மேஹ்யூவுக்கு முட்டி வலி. 2015 படத்தில் பாதி வேலையை யோனாஸ் சுவோதமோ என்ற பின்லாந்துக் கூடைப்பந்து வீரர் செய்தார். நடை, தலையைச் சாய்க்கும் விதம், தோள் குலுக்கல் எல்லாவற்றையும் மேஹ்யூவே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த படங்களில் சுவோதமோ தனியாகவே நடித்தார். ஆள் மாறியதைக் கண்டுபிடித்து வருத்தப்பட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நாம் பாத்திரத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் முகத்தை வைத்து இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, நாலாவது வழி. புது நடிகர் என்றாலே உடனே 2018-ல் வந்த 'சோலோ'வைக் காட்டுவார்கள். ஹாரிசன் ஃபோர்டு நடித்த ஹான் சோலோவாக ஆல்டன் ஏரன்ரைக் நடித்தார், உலகம் முழுக்க வசூல் 40 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை, இந்த வரிசையின் முதல் நஷ்டப் படம் என்று பெயர் வாங்கியது. ஹாரிசன் ஃபோர்டு இடத்தில் வேறு ஆளை ஜனங்கள் ஏற்கவில்லை என்று ஸ்டுடியோ முடிவு கட்டியது. பழைய பாத்திரங்களுக்குப் புது ஆள் போடுவது நடக்காத காரியம் என்ற பொருளில் அப்போதைய தலைவர் கேத்லீன் கென்னடியும் 2022-ல் ஒரு பேட்டியில் பேசினார். கணினி லூக் மறுபடி வந்ததும் அதே வருடம்தான்.

பழியை ஏரன்ரைக் மேல் போடுவது அநியாயம். படப்பிடிப்பு நடுவில் இரண்டு இயக்குநர்களை நீக்கிவிட்டு ரான் ஹோவர்டை அழைத்து, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார்கள், செலவு எகிறியது. முந்தைய ஸ்டார் வார்ஸ் படம் வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவெஞ்சர்ஸ் இன்னும் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது, டெட்பூல் இரண்டாம் பாகம் முந்தைய வாரம் வந்திருந்தது. இதெல்லாம் போதாது என்று, ஹானுக்கு சோலோ என்ற பெயர் எப்படி வந்தது, துப்பாக்கி எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்காத கேள்விக்கெல்லாம் கதை பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

நடிப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1977 படத்தில் சிறைக் கட்டுப்பாட்டு அறைக்குள் புகுந்த ஹான், இண்டர்காமில் யாரோ கேட்க, இங்கே எல்லாம் நல்லாயிருக்கு, நீங்க எப்படியிருக்கீங்க என்று உளறிவிட்டு, கடைசியில் பொறுக்காமல் அந்த மெஷினையே சுட்டுவிடுவான். ஃபோர்டின் ஹான் ஒரு படு மோசமான பொய்யன், ஆனால் தன்னைப் பெரிய கில்லாடி என்று நம்புகிறவன். 'சோலோ' தொடக்கத்தில் ஏரன்ரைக் ஒரு கல்லைக் கையில் தூக்கிப் பிடித்து, இது வெடிகுண்டு என்று மிரட்டுவார். குண்டை முடுக்கிவிட்ட சத்தத்தைத் தன் வாயாலேயே போடுவார். அது கல்லு, சத்தம் உன் வாயிலிருந்து வந்தது என்று எதிரி சொன்ன பிறகும் இல்லையே என்று நிற்பார். சாயலில் ஃபோர்டு இல்லை, குரலும் ஃபோர்டு இல்லை. ஆனால் அந்தப் பொய்யன் அதே பொய்யன். அவரிடம் இல்லாதது ஃபோர்டின் சலிப்பு. உலகம் அலுத்துப்போன ஆளாக இன்னும் ஆகாதவனைத்தான் அவர் நடிக்க வேண்டியிருந்தது, அதனால் அதையும் குறையாக எண்ண முடியவில்லை.

அதே படத்தில் ஹானின் நண்பன் லேண்டோவாக வந்த டொனால்ட் குளோவரை ஒருவரும் குறை சொல்லவில்லை. பழைய லேண்டோவான பில்லி டீ வில்லியம்ஸின் இழுத்துப் பேசும் தோரணை, ஹானின் பெயரை மட்டும் ஹேன் என்று தனியாக உச்சரிக்கும் பழக்கம், மேலங்கியைச் சுமக்கும் விதம் என்று எல்லாவற்றையும் உரித்து எடுத்து, அதன்மேல் தன் குறும்பையும் சேர்த்தார். மெக்ரெகரும் 1999-ல் இதைத்தான் செய்தார். 1977-ல் ஓபி-வானாக நடித்த அலெக் கின்னஸின் பழைய படங்களைத் தேடிப் பார்த்து அவர் பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஸ்டார் வார்ஸில் நடித்து ஆஸ்கர் பரிந்துரை வாங்கிய ஒரே நடிகர் கின்னஸ். அப்பா எப்படிச் செத்தார் என்று லூக் கேட்கும்போது அவர் பார்வை ஒரு கணம் விலகி, பிறகுதான் பதில் வரும். வேடர்தான் அப்பா என்ற திருப்பம் கதையில் அப்போது கிடையாது. ஆனால் பின்னாளில் அந்தத் தயக்கம் முழுக்கதைக்கும் முட்டுக்கொடுத்தது. மெக்ரெகரின் ஓபி-வான் பொய் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பார்வை விலகலை நான் தேடுவேன். பல இடங்களில் கிடைக்கும்.

ஆள் மாறியதே பலருக்குத் தெரியாத உதாரணம், பேரரசை எதிர்க்கும் புரட்சிக்காரர்களின் தலைவி மான் மோத்மா. 1983-ல் கேரலைன் பிளாகிஸ்டன் ஒரே காட்சியில் வந்து போனார். 2005 படத்துக்கு ஜெனிவீவ் ஓரெய்லியைத் தேர்ந்தெடுத்தார்கள், அவர் காட்சிகளில் பெரும்பகுதி வெட்டப்பட்டது. பிறகு 'ரோக் ஒன்', அப்புறம் 2022-லும் 2025-லும் 'ஆண்டோர்' தொடர். இரண்டாம் சீசனில் மகளின் கல்யாண வீட்டில், ஒரு பழைய நண்பனுக்கு நடக்கப்போவதைத் தெரிந்துகொண்டு, குடித்துவிட்டு வெறிபிடித்ததுபோல் ஆடுவார். முகத்தில் சிரிப்பு, கண்ணில் பீதி. இன்றைக்கு மான் மோத்மா என்றால் அவர்தான். அதே சீசனில் லேயாவின் வளர்ப்புத் தந்தை பெயில் ஆர்கானாவாக ஜிம்மி ஸ்மிட்ஸுக்குப் பதில் பெஞ்சமின் பிராட் வந்தார். முதல் காட்சியில் கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது, அவ்வளவுதான். மாற்றவே முடியாது என்று சொல்லும் அதே நிறுவனம் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

2009-ல் இன்னொரு விண்வெளி வரிசையான ஸ்டார் ட்ரெக் தன் மொத்தக் கோஷ்டியையும் ஒரே மூச்சில் மாற்றியதையும் இங்கே சொல்ல வேண்டும். கார்ல் அர்பன், டாக்டர் மெக்காயின் சிடுசிடுப்பை அப்படியே பிடித்தார். கிறிஸ் பைன், முதலில் நடித்த ஷாட்னரின் பேச்சைக் காப்பியடிக்காமல் கேப்டன் கிர்க்கின் திமிரை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டுமே எடுபட்டன.

அப்படியானால் லூக்குக்கு யார்? ரசிகர்கள் பல வருடமாக செபாஸ்டியன் ஸ்டானின் படத்தை ஹாமில் படத்தோடு ஒட்டிக்காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டான் நல்ல நடிகர்தான், ஆனால் அந்தக் காரணத்துக்காக எடுத்தால் வேண்டாம். முகத்தில் ஆரம்பித்தால் திரும்பவும் கணினி லூக்கிடமே வந்து நிற்போம். ஆடிஷனில் அந்த மாமாவோடு சண்டை போடும் காட்சியைக் கொடுக்க வேண்டும். சிணுங்கத் தெரிந்தவரிடம்தான் பிறகு அமைதியைக் கேட்க முடியும். இன்னொன்று, ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் ஆரம்பத்தில் லூக், லேயா, ஹான் மூன்று பேரையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. கூட்டணி கூட்டணியாக உட்காரவைத்துப் பேசவிட்டுப் பார்த்தார். கிறிஸ்டோபர் வாக்கன் ஹானாக இருந்த கூட்டணிகூட ஒன்று இருந்தது. லூக்கை மட்டும் தனியாகத் தேடினால் பாதி வேலைதான் முடியும்.

டார்க்கின் மறுபடி தேவைப்பட்டால் கை ஹென்றியை அவர் சொந்த முகத்தோடு நடிக்க விடலாம். ஒடுங்கிய கன்னமும் ஏளனக் குரலும் அவரிடமே இருக்கின்றன, வேலையையும் ஏற்கனவே ஒருதடவை முழுசாகச் செய்து முடித்தவர். ஏரன்ரைக்கை அடுத்தவர் தொடரில் துணைப் பாத்திரமாக இரண்டு மூன்று பகுதிகளுக்கு வரவைத்தால் போதும், தனிப் படத்தின் சுமை இல்லாமல் அவர் இன்னும் நன்றாகவே செய்வார். வேடரை அப்படியே விட்டுவிடலாம்.

லேயாவுக்குப் புதிதாகத் தேடவே வேண்டாம். 'ஓபி-வான் கெனோபி' தொடரில் பத்து வயது லேயாவாக வந்த விவியன் லைரா பிளேர், பெரியவர்களை எடுத்தெறிந்து பேசும் இடங்களில் கேரி ஃபிஷரின் மிடுக்கைத் துல்லியமாகக் கொண்டுவந்தார். 1977 படத்துக்கு வந்தபோது ஃபிஷருக்கே 19 வயதுதான். பிளேருக்கு அந்த வயது வர இன்னும் சில வருடம் ஆகும், அதற்குள் நல்ல கதை ஒன்றை எழுதி முடிக்க அவகாசம் இருக்கிறது.